தோழிக்காக ஒரு கேக்
(பத்தாம் வகுப்பு மாணவியர்)

"பந்திக்கு முந்து" என்பார்கள் பெரியோர். எங்கள் வகுப்பிலோ, விருந்து என்றாலே பின்னால் போய் நின்றுகொள்வாள் ஒரு தோழி. பிறந்தநாள் கேக்கை நீட்டினால், "எனக்கு வேண்டாம்ப்பா" என்று சிரித்தபடி ஒதுங்கிவிடுவாள். அவளுக்குத் தலைக்கனம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவளுடைய அம்மா வகுப்பாசிரியையைப் பார்க்க வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமை ஆகாது, இப்போதைக்குப் பாலும் ஆகாது. நாங்கள் மிகவும் வெட்கப்பட்டோம். வகுப்பின் கிறிஸ்துமஸ் விருந்தில் அவளும் உண்ணும்படி ஒரு கேக்கை நாங்களே செய்வது என்று முடிவு செய்தோம். அதில் கற்ற பாடத்தை அவளுடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம்.

கோதுமையில் என்ன இருக்கிறது?

கோதுமையில் கிளியாடின், குளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் உள்ளன. மாவில் நீர் விட்டுப் பிசையும்போது இவை இணைந்து ரப்பர் போன்ற ஒரு வலையாகின்றன. இதற்கே குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாவை வீசி விரித்தாலும் அது எளிதில் கிழியாமல் இருப்பது இந்த வலையால்தான். கேக் வேகும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்து வைத்து அதை உப்பச் செய்வதும் இதுவே. பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இதைப் போன்ற புரதங்கள் உண்டு.

நம்மில் பெரும்பாலோருக்குக் குளூட்டன் தீங்கு செய்வதில்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ, அது உள்ளே போனதும் உடலின் பாதுகாப்புப் படையே சிறுகுடலைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைந்துபோகின்றன. எவ்வளவு உண்டாலும் சத்து சேராது. இரத்தசோகையும் எடைக்குறைவும் வரலாம். குழந்தைகளின் வளர்ச்சியும் தடைப்படலாம். வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே இதற்குச் சிகிச்சை.

இதை உலகுக்கு நிறுவிக் காட்டியவர் வில்லம் டிக்கெ என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் கடும் பஞ்சம் நிலவியது. ரொட்டியே கிடைக்காத அந்த நாட்களில் இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் நோயுற்றார்கள். முன்பே கோதுமையின்மீது ஐயம் கொண்டிருந்த டிக்கெ, தம் ஆய்வை 1950இல் வெளியிட்டார்.

பால் ஏன் ஆகாது?

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். அது சுரப்பது குடலுறிஞ்சிகளில்தான். அவை சிதைந்திருக்கும்போது பாலும் செரிக்காது. குடல் ஆறிய பிறகு பலருக்குப் பால் மீண்டும் ஒத்துக்கொள்ளும். பால் புரதத்தால் வரும் ஒவ்வாமை வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒளிந்திருப்பவை

மைதா, ரவை, சேமியா மூன்றும் பொதுவாகக் கோதுமையிலிருந்து வருபவை. மால்ட் பானங்களில் பார்லி உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. அப்படியானால் சாம்பாரும் ரசமும்கூட அவளுக்கு ஆகாமல் போகலாம்! தேங்காய்ப் பால் என்பது பெயரளவில்தான் பால். ஆனால் பொட்டலத்தில் வரும் தேங்காய்ப் பால் பவுடர் சிலவற்றில் கேசினேட் என்ற பால் புரதத்தைச் சேர்க்கிறார்கள். எனவே பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் எதையும் வாங்கலாகாது.

மூன்று கேக்குகள்

முதல் கேக்கை இராயபுரத்தில் ஒரு தோழியின் வீட்டில் செய்தோம். மைதாவுக்குப் பதில் அரிசி மாவு, பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். வெட்டியதும் அது காசிமேட்டுக் கடற்கரை மணலைப் போல் உதிர்ந்துவிட்டது. தாங்கிப் பிடிக்கும் வலை அரிசி மாவில் இல்லையே!

இரண்டாம் முறை யோசித்துச் செய்தோம். ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவு. சூட்டில் பசையாகி மற்ற மாவைப் பிணைக்கும். முட்டையின் புரதமும் வெந்ததும் இறுகித் தாங்கும். கேக் அழகாக உப்பி வந்தது. மறுநாள் பெருமையோடு அவளிடம் நீட்டினோம்.

"அரிசியை எங்கே அரைச்சீங்க?" என்று கேட்டாள்.

"மாவு மில்லில்."

"நமக்கு முன்னாடி என்ன அரைச்சாங்க?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வரிசையில் எங்களுக்கு முன்னே நின்ற அம்மாள் கொண்டுவந்திருந்தது ஒரு டின் கோதுமை.

"கொஞ்சம்தானே ஒட்டியிருக்கும்?" என்றாள் எங்களில் ஒருத்தி.

"கொஞ்சமும் ஆகாதுப்பா" என்று சொல்லி, டப்பாவை மெதுவாக மூடித் திருப்பித் தந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பிறகு அறிந்தோம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட அதைவிட அதிகம்.

மூன்றாம் முறை நாங்களாக எதையும் முடிவு செய்யவில்லை. மின்ரயில் ஏறி எண்ணூரில் உள்ள அவள் வீட்டுக்கே போனோம். கோதுமையே நுழையாத அந்தச் சமையலறையில் அவள்தான் எங்களுக்கு ஆசிரியை. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, அவர்கள் வீட்டு மிக்சியிலேயே பொடித்தோம். அவள் சொல்லித் தந்த முறை இது:

சலித்து நன்கு உலர்த்திய அரிசி மாவு 150 கிராம், பொடித்த ஜவ்வரிசி 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி சிறிது எடுத்துக் கலந்துகொள்ளவும். 3 முட்டைகளை 150 கிராம் சர்க்கரையுடன் நுரைக்க அடித்து, 75 மி.லி. எண்ணெயும் புதிதாகப் பிழிந்த கெட்டித் தேங்காய்ப் பால் 150 மி.லி.யும் சேர்த்து, மாவைக் கலக்கவும். அரிசி மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ள 20 நிமிடம் விட்டு, பிறகு எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றவும். அடியில் உப்பு பரப்பிச் சூடாக்கிய குக்கருக்குள் ஒரு வளையத்தின்மேல் பாத்திரத்தை வைத்து, குக்கர் மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம் வேகவிடவும். குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக் கூடாது. முழுவதும் ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும்.

ஆலயத்தில்

நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாயிற்றே, அவள் என்ன செய்வாள் என்று எங்களுக்கு ஒரு கவலை. இதற்குத் திருச்சபையே வழி வைத்திருக்கிறது. 2017இல் வத்திக்கானிலிருந்து ஆயர்களுக்கு வந்த மடலில், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது என்றும், குளூட்டன் குறைந்த கோதுமை அப்பம் செல்லும் என்றும் தெளிவுபடுத்தப்பட்டது. அதுவும் ஒவ்வாதவர்கள் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம்.

அன்புத் தோழியரே! இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என்று கோதுமையும் பாலும் இல்லாமலே செய்யக்கூடிய பலகாரங்கள் நம் வீடுகளில் எத்தனையோ உண்டு. ஆகவே அவளுக்கு உணவு சமைப்பது அரிதல்ல. கேட்டறியாமல் சமைத்ததே எங்கள் பிழை. அன்போடு சமைத்தால் மட்டும் போதாது. உண்பவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் விருந்தன்று முதல் துண்டை அவளே வெட்டினாள். அன்று அவள்தான் பந்திக்கு முந்தினாள்.