சரளி வரிசையிலிருந்து கார்டு

அன்புத் தம்பிக்கு,

கிதார் புத்தகத்தில் ‘டபுள் ஹார்மோனிக்’ என்றொரு ஸ்கேல் இருக்கிறது, கேட்டால் எங்கோ பாலைவனத்துக்குப் போன மாதிரி இருக்கிறது, ஆனால் அதற்கு என்ன கார்டு போடுவதென்று பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். பாலைவனமெல்லாம் வேண்டாம். பாட்டு வகுப்பில் சேர்ந்ததும் உனக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தார்களே, அந்த மாயாமாளவகௌளைதான் இது, 15-ஆவது மேளகர்த்தா. மேற்கத்தியர் இதற்கு பைசாண்டைன், அராபியன் என்று பல பெயர் வைத்திருக்கிறார்கள். டிக் டேல் என்ற அமெரிக்கக் கிதார்க்காரர் ‘மிஸர்லூ’ என்ற கிழக்கு மத்தியதரைக் கடற்கரை மெட்டை 1962-இல் மின்னல் வேகத்தில் வாசித்துப் புகழ்பெற்றதும் இந்த ஸ்வரங்களால்தான். அவருடைய தந்தை வழி லெபனான்; அவருக்கும் இது அந்நியமான சங்கீதம் இல்லை.

தடித்த ஆறாம் தந்தியை ‘ச’ என்று வைத்துக்கொள். திறந்த தந்தியில் தொடங்கி 1, 4, 5, 7, 8, 11, 12 என்று ஃப்ரெட்டுகளைத் தொட்டால் முழு ஆரோகணமும் அந்த ஒரே தந்தியில் வந்துவிடும். கிதார் பாஷையில் ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி ஷார்ப். ரி-யிலிருந்து க-வுக்கும், த-விலிருந்து நி-க்கும் மூன்று ஃப்ரெட் தாவல். ராகத்தின் முகமே அந்த இரண்டு தாவல்கள்தான். இன்னொன்றையும் கவனி: ச-வுக்கு ஒரு ஃப்ரெட் மேலே ரி, ஒரு ஃப்ரெட் கீழே நி.

கார்டு கட்டும் விதி உனக்குத் தெரியும்: ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரம் எடு. ச-க-ப ஈ மேஜர். ரி-ம-த எஃப் மேஜர். ம-த-ச ஏ மைனர். க-ப-நி ஜி ஷார்ப் மைனர். கணக்குக்கு அது சரி, எனக்கு அதனால் பெரிய உபயோகம் இருந்ததில்லை. த-ச-க சி ஆக்மென்டட். ஏ மைனரிலிருந்து ஈ மேஜருக்குத் திரும்பும் வழியில் இதை ஒரு தட்டுத் தட்டிப் பார், நன்றாக இருக்கும்.

ப-வில்தான் சிக்கல். மற்ற பல ஸ்கேல்களில் ப-வின் மேல் கட்டிய கார்டு ச-வுக்கு இழுத்துக்கொண்டு வரும். இங்கே ப-நி-ரி என்று எடுத்தால் ஐந்தாம் ஸ்வரம் ஒரு ஃப்ரெட் குறைந்து, பி கார்டு நொண்டுகிறது. ஏழாவதான நி-ரி-ம இன்னும் மோசம். நி-க்கும் ரி-க்கும் நடுவே இரண்டே ஃப்ரெட்தான், அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே முடியாது. ஆனால் அதோடு த-வைச் சேர்த்து, ரி-யைக் கீழே வைத்துப் பார்: ரி, ம, த, நி. எஃப் செவன்த்! பி கார்டு செய்யாத வேலையை இது செய்கிறது.

முதல் ஃப்ரெட்டில் பார் போட்டு எஃப் செவன்த் பிடி: ஆறாம் தந்தியிலிருந்து 1, 3, 1, 2, 1, 1. பிறகு சாதாரண ஈ மேஜர்: 0, 2, 2, 1, 0, 0. தந்தி தந்தியாக ஒப்பிட்டுப் பார். ஐந்து தந்திகள் ஒவ்வொரு ஃப்ரெட் இறங்குகின்றன. நான்காம் தந்தி மட்டும் ஒரு ஃப்ரெட் ஏறுகிறது. ரி இறங்கி ச ஆகிறது, நி ஏறி ச ஆகிறது, த இறங்கி ப, ம இறங்கி க. ஆறு தந்தியும் அரை ஸ்வரத்துக்கு மேல் நகராமலேயே ராகம் வந்து நின்றுவிடுகிறது. ஸ்கேலுக்கு ஏழு கார்டு எழுதிக்கொடுக்கும் புத்தகங்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் போவது எனக்குக் குறையாகவே படுகிறது.

பார் பிடிக்க விரல் வலித்தால் இன்னொரு வழி. ஈ மேஜரின் மூன்று விரல்களை அப்படியே ஒரு ஃப்ரெட் மேலே தள்ளு. திறந்த தந்திகள் மூன்றும் திறந்தே இருக்கட்டும். ஒலிப்பவை ச, த, ரி, ம, ப, ச. எல்லாம் ராகத்துக்குள்தான். ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிதாரில் இந்த நகர்வை நிறையக் கேட்பாய்.

ஏ மைனரில் மட்டும் அதிக நேரம் தங்காதே. காது அதையே ச என்று எடுத்துக்கொள்ளும். கிரகபேதம் படித்தவன் நீ. ம-வை ச ஆக்கினால் சிம்மேந்திரமத்யமம். எஃப்-இல் தங்கினால் ரசிகப்பிரியா. இரண்டும் நல்ல ராகங்கள், ஆனால் நீ வாசிக்க உட்கார்ந்தது அவற்றை அல்ல. ஆறாம் தந்தி ஈ-யை இடையிடையே தம்புரா போலத் தட்டிக்கொண்டிரு, ச நகராது.

நீயே மேலே பாடும்போது ரி, த இரண்டையும் கார்டில் வைக்காதே. குரல் கமகத்தில் அசையும், ஃப்ரெட் அசையாது, இரண்டும் உரசும். அந்த இடங்களில் வெறும் ச-ப போதும். ‘தேவர் மகன்’ படத்தின் ‘மாசறு பொன்னே’ இந்த ராகம்தான். அதைப் பாடியபடி எங்கே கார்டு மாற்றலாம், எங்கே கூடாது என்று பழகு.

தொடங்குமுன் சுருதியை நன்றாகச் சேர்த்துக்கொள். அரை ஸ்வர இடைவெளியில் நிற்கும் கார்டுகள் இவை. ஒரு தந்தி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் நாராசமாக இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்