நெடுவழி செல்லும் மிதிவண்டி

நுழையும் முன்

புரட்டாசித் திங்களில் திருப்பதி செல்லும் சாலைகளில் அடியார்கள் பாதயாத்திரையாக நடந்து செல்வதைச் சித்தூர் மாணவர்கள் கண்டிருப்பர். பல நாள் நடப்பவர் உடலையும் உள்ளத்தையும் முன்னரே பழக்கிக்கொள்வர். மிதிவண்டியில் முதன்முறையாக நெடுந்தொலைவு செல்ல விரும்புவோரும் அவ்வாறே ஆயத்தம் செய்தல் வேண்டும். அதனை விளக்குவது இப்பாடம்.

1. போட்டியன்று, பயணம்

1891ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஒரு நாளிதழ், பாரிசு நகரிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று மீளும் மிதிவண்டிப் போட்டியை நடத்தியது. தொலைவு ஏறத்தாழ 1200 கி.மீ. சார்லஸ் தெரோன் என்பவர் மூன்று நாள்களுக்குள் அதனை முடித்து முதலில் வந்தார். இன்று அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, போட்டியாக அன்றி, காலவரையறை கொண்ட பயணமாக நடைபெறுகிறது. அதற்கு அதிக அளவாக 90 மணி நேரம் வழங்கப்படுகிறது.

இத்தகைய பயணங்களுக்குப் 'பிரெவே' என்று பெயர். பாரிசிலுள்ள ஆடாக்ஸ் சங்கம் வகுத்த விதிகளின்படி இந்தியாவிலும் இவை நடைபெறுகின்றன. 200 கி.மீ. தொலைவை 13½ மணி நேரத்திலும், 300 கி.மீ. தொலைவை 20 மணி நேரத்திலும், 400 கி.மீ. தொலைவை 27 மணி நேரத்திலும், 600 கி.மீ. தொலைவை 40 மணி நேரத்திலும் கடத்தல் வேண்டும். வழியிலுள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை பெறவேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்னும் தரவரிசை இல்லை. சாவடிகளுக்கு இடையே பிறர் வண்டியில் உதவிப்பொருள் கொண்டுவருதல் கூடாது. டியூப் பழுதானால் தானே மாற்றவேண்டும். வழி தவறினால் தானே கேட்டறிய வேண்டும்.

2. சித்தூரிலிருந்து இரு வழிகள்

சித்தூரில் வாழ்பவருக்கு இவ்வாயத்தத்திற்கு ஏற்ற இரண்டு வழிகள் உள்ளன. தெற்கே வேலூர் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ளது, வடகிழக்கே திருப்பதி ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. வேலூர் சென்று மீண்டால் 70 கி.மீ.; திருப்பதி சென்று மீண்டால் 140 கி.மீ. இரண்டையும் ஒரே நாளில் முடித்தால் 210 கி.மீ.

இவ்வழிகளில் ஒரு நுட்பம் உண்டு. சித்தூர் கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. திருப்பதியின் உயரம் அதில் ஏறத்தாழப் பாதியே. வேலூரும் சித்தூரைவிடத் தாழ்ந்தது. ஆதலால், செல்லும்போது வண்டி எளிதாக ஓடும்; திரும்பும்போது வெயிலும் களைப்பும் மிகுந்த வேளையில் ஏற்றம் எதிர்ப்படும். காலையில் கிடைத்த விரைவைக் கண்டு மகிழ்ந்து வலிமையை எல்லாம் செலவிடுபவர் மாலையில் வருந்த நேரிடும்.

வேலூர்ச் சாலையில் குடிபாலா வரை பெயர்ப்பலகைகள் தெலுங்கில் காணப்படும். கிறிஸ்டியான்பேட்டையைக் கடந்து காட்பாடியை நெருங்குகையில் அவை தமிழில் அமையும். பாலாற்றைக் கடந்தால் வேலூர். இல்லத்தில் மட்டும் தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அப்பலகைகளைத் தானே படித்து வழியறியும்போது, கற்ற எழுத்தின் பயனை உணரும்.

3. உடலும் வண்டியும்

ஒரே நாளில் நெடுந்தொலைவு செல்ல முயலுதல் தகாது. முதலில் 20 கி.மீ., பின்பு 30, 40 எனப் படிப்படியாகத் தொலைவைக் கூட்டுதல் வேண்டும். வேலூர் சென்று மீளுதல் எளிதான பின்னரே திருப்பதி வழியை எண்ணவேண்டும். பயணத்திற்கு முந்தைய வாரத்தில் பயிற்சியைக் குறைத்து நன்றாக உறங்குதல் நலம்.

இருக்கையின் உயரம் மிக இன்றியமையாதது. மிதிக்கட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருத்தல் வேண்டும். இருக்கை தாழ்ந்திருப்பின் முழங்கால் வலிக்கும். புறப்படுமுன் பிரேக், டயரின் காற்று, சங்கிலியின் எண்ணெய் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். மாற்று டியூப் இரண்டு, டயரைக் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் பசை ஆகியவை உடனிருத்தல் வேண்டும். காலை 6 மணிக்குப் புறப்படுபவரின் 13½ மணி நேரம் இரவு 7.30 மணிக்கே முடியும். எனவே முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிதிருப்பும் மேலாடை, தலைக்கவசம் ஆகியவை தேவை.

4. உணவும் நீரும்

தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள மாவுச்சத்து, சில மணி நேரக் கடும் உழைப்பில் குறைந்துவிடும். அதன்பின் கால்கள் சோர்ந்து மிதிக்க இயலாமற்போகும். எனவே பசி தோன்றுமுன்பே சிறிது சிறிதாக உண்ணவேண்டும். இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய் ஆகியவை ஏற்றவை. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகுதல் தீங்கு தரும். உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, நீர்மோர், இளநீர் ஆகியவற்றையும் பருகவேண்டும்.

5. வீட்டு வாசலைக் கடத்தல்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கும் பின் வேலூருக்கும் செல்பவர், 140ஆவது கிலோமீட்டரில் தம் வீட்டு வாசலையே கடக்க நேரிடும். உள்ளே நிழலும் உணவும் உறவினரும் இருப்பர். வெளியே இன்னும் 70 கி.மீ. சாலை இருக்கும். அவ்விடத்தில் அவர் தம் உடலிடம் உண்மையாகக் கேட்கவேண்டும். வெறும் களைப்பு எனில் சற்று இளைப்பாறித் தொடரலாம். தலைச்சுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல் ஆகியவை தோன்றினால் அங்கேயே நிறுத்தவேண்டும். நிறுத்துதல் தோல்வியன்று, சாலை அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். முடித்தவர் பெறும் பெருமையைவிட, நலமாக வீடு திரும்பியவரைக் கண்டு பெற்றோர் அடையும் நிம்மதி பெரிது.

சிறுவர்கள் பெரியவர் துணையின்றி நெடுஞ்சாலையில் செல்லுதல் கூடாது. ஆயினும், நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் வண்டியின் காற்றைச் சோதிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.

அருஞ்சொற்பொருள்

ஆயத்தம் – முன்னேற்பாடு
சாவடி – வழியில் நின்று பதிவு செய்யும் இடம்
இன்றியமையாதது – கட்டாயம் வேண்டியது
இளைப்பாறுதல் – ஓய்வெடுத்தல்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. நெடுந்தொலைவு = நெடுமை + ______
2. இளநீர் = ______ + நீர்

ஆ. ஓரிரு சொற்றொடரில் விடை எழுதுக.
1. பிரெவே பயணம் போட்டியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. திருப்பதியிலிருந்து சித்தூர் திரும்புதல் ஏன் கடினம்?
3. வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகுதல் ஏன் கூடாது?

இ. கணக்கிட்டு எழுதுக.
ஒருவர் மணிக்கு 20 கி.மீ. விரைவில் 200 கி.மீ. செல்கிறார். 13½ மணி நேரத்தில் அவர் ஓய்வுக்கும் உணவுக்கும் எவ்வளவு நேரம் செலவிடலாம்?

ஈ. கலந்துரையாடுக.
140ஆவது கிலோமீட்டரில் உங்கள் அண்ணன் களைப்புடன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவரிடம் எவற்றைக் கேட்பீர்கள்? என்ன சொல்வீர்கள்?

உ. கடிதம் எழுதுக.
உங்கள் இல்லத்திலிருந்து தாத்தா பாட்டி வாழும் ஊர் வரை உள்ள வழியில் எதிர்ப்படும் ஐந்து ஊர்களின் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக. அவ்வழியில் வர விரும்புவதாகத் தாத்தாவுக்குக் கடிதம் ஒன்று எழுதுக.