கணிப்பொறி உதவியாளரும் சங்கக் கணக்கும்

சங்க அலுவலகங்கள் பலவற்றில் இன்று கணிப்பொறி இருக்கிறது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் அதில் இடம் பெற்றுவிட்டன. காரியதரிசிக்கு மட்டுமே உரிய விஷயம் இது என அங்கத்தினர்கள் வாளாவிருத்தல் ஆகாது. அவர் மேஜையில் எழுதப்படுவது நம் தறிக்கணக்கில் அல்லவா வந்து சேருகிறது!

இக்கருவி பேரேட்டைப் புரட்டிப் பார்த்து விடை சொல்வதன்று. ஏராளமான எழுத்துக்களிலிருந்து, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று பயின்று, அவ்வாறே கோத்துத் தருவது. தேடிப் பார்க்கவும் கணக்கிடவும் சிலவற்றில் தனி வசதி சேர்த்திருக்கிறார்கள். எனினும் தெரியாததையும் தெரிந்ததுபோல் ஒழுங்கான நடையில் எழுதிவிடும் இயல்பு நீங்கியபாடில்லை.

கடிதம் வரைவதற்கு இது மிகவும் ஏற்றது. வெளிமாநில வியாபாரிக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டுமாயின் அரை நாள் வேலை சில நிமிடங்களில் முடியும். நீண்ட சுற்றறிக்கையைச் சுருக்கித் தரவும் சொல்லலாம். "ஒரு கடிதம் எழுது" என்றால் பொதுப்படையாகத்தான் வரும். யாருக்கு, எச்சரக்கு, எத்தனை உருப்படி, எந்தத் தேதிக்குள் என்பவற்றைக் கூறிக் கேட்டல் வேண்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை. இருவர் எதிர்த்த தீர்மானம், நடை அழகுக்காக, "ஏகமனதாக நிறைவேறியது" என்று மாறிவிடக்கூடும்.

நூல் கணக்கிற்கு வருவோம். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். 40ஆம் நம்பர் நூலில் 40 சிட்டம் ஒரு பவுண்டு எடை. 2,520 இழையில் 40 கெஜ நீளப் பாவு ஓட்ட 1,00,800 கெஜ நூல் வேண்டும். அதாவது 120 சிட்டம். எடை 3 பவுண்டு, ஏறத்தாழ 1 கிலோ 361 கிராம். கருவி ஒரு பவுண்டை அரைக் கிலோ எனக் கொண்டு 1 கிலோ 500 கிராம் என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சிட்டம் எண்ணி நூல் வழங்கி, புத்தகத்தில் இவ்வெடையைப் பதிந்தால், நெசவாளி கண்ணால் காணாத 139 கிராம் நூல் அவர் பேரில் பாக்கியாக நிற்கும். பாவுக்குப் பாவு இது வளரும். கூலியிலும் பிடித்தம் வரும். ஆகவே விடையை மட்டும் கேளாமல் கணக்கின் படிகளையும் காட்டச் சொல்லி, காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே புத்தகத்தில் ஏற்றுக.

விவசாய அங்கத்தினர்கள் பூச்சிமருந்தின் அளவை இதனிடம் கேட்பதை நாம் ஒப்புவதில்லை. புட்டியின் மேலுள்ள சீட்டு இருக்கிறது. வேளாண்மை அலுவலர் இருக்கிறார்.

சட்ட விஷயத்தில் இன்னொரு சிக்கல். நமது மாநிலத்தில் 1961ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திற்குப் பதிலாக வந்தது 1983ஆம் ஆண்டுச் சட்டம். பழைய சட்டத்தின் பிரிவையோ அண்டை மாநிலத்தின் பிரிவையோ கருவி கலந்து தரலாம். மகாசபை நோட்டீசில் பிரிவு எண் இடுமுன், சட்டப் புத்தகத்தையும் சங்கத்தின் துணைவிதிகளையும் திறந்து பார்த்தே தீரவேண்டும்.

அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடன் பாக்கி ஆகியவற்றை இக்கருவியில் இடலாகாது. இடுவது பெரும்பாலும் வேறொரு கம்பெனியின் கணிப்பொறிக்குச் செல்கிறது. பாக்கி அறிவிப்பு வரைய வேண்டுமாயின் பெயருக்கும் தொகைக்கும் வெற்றிடம் விட்டு வாசகத்தை மட்டும் கேட்டுப் பெறுக. பெயரையும் தொகையையும் பேரேட்டைப் பார்த்துக் கையால் நிரப்பிக்கொள்ளலாம்.