மேடு சொன்ன கணக்கு



பெம்பானில் ஞாயிறு காலையில் நம் பிள்ளைகள் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் எப்போதும் ஒரு தம்பிதான் கடைசி. "என்னடா, தூங்கிட்டியா?" என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் அவன், "அண்ணே, அடுத்த வாரம் நான் வரலைண்ணே. என்னால எல்லாரும் நிக்க வேண்டியிருக்கு" என்றான். மனசு சுருக்கென்றது. இன்ஜினியரிங் படிக்கிறவன், கேலி செய்யும் முன் ஒரு கணக்காவது போட்டுப் பார்த்தேனா?

அன்று மாலையே மேட்டை அளந்தோம். நீங்களும் செய்யலாம்.

முதலில் சரிவு. 1 மீட்டர் பலகையைச் சாலையின் ஏற்றத் திசையில் வையுங்கள். மேலே ரசமட்டம். குமிழி நடுவில் வரும்வரை பலகையின் கீழ்ப்பக்க நுனியைத் தூக்குங்கள். அந்த நுனிக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால் சரிவு 5 விழுக்காடு. பத்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது 5.

அடுத்து நீளம். டயரில் சுண்ணாம்புக் குறி போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சுற்றுகளை எண்ணினோம். ஒரு சுற்று 2.1 மீட்டர்; 100 சுற்று, 210 மீட்டர். அதில் 5 விழுக்காடு 10.5 மீட்டர். அதுதான் நாம் ஏறும் உயரம்.

இனி சக்தி. மொத்த எடை × 9.8 × உயரம் ÷ நேரம் = வாட்.

நான் 58 கிலோ, சைக்கிள் 12, மொத்தம் 70. ஏறிய நேரம் 50 விநாடி. 70 × 9.8 × 10.5 ÷ 50 = 144 வாட்.

தம்பி 88 கிலோ, சைக்கிளோடு 100. நேரம் 60 விநாடி. 100 × 9.8 × 10.5 ÷ 60 = 171.5 வாட்.

காற்றும் டயர் உராய்வும் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டும். ஆனால் விஷயம் தெளிவு: கடைசியாக வந்தவன்தான் என்னைவிட அதிகம் உழைத்திருக்கிறான்!

பிறகு நான் ஏன் முந்தினேன்? வாட்டை உடல் எடையால் வகுங்கள். எனக்குக் கிலோவுக்கு 2.5, அவனுக்கு 1.9. மேட்டில் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த எண். லங்காவி சைக்கிளோட்டத்தில் கெந்திங் மலை ஏறும்போது மெலிந்த வீரர்கள் முன்னே போவதும் இதனால்தான். சமதரையில் கதை வேறு. அங்கே பெரிய எதிரி காற்று. மொத்த வாட் அதிகம் உள்ளவனுக்கே வசதி.

கணக்கைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். தம்பி தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அப்போ நான் சோம்பேறி இல்லையாண்ணே?" என்றான்.

இப்போது சமதரையில் அவன்தான் முன்னே போகிறான். நாங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் போகிறோம். மேட்டின் உச்சியில் அவனுக்காக நிற்கிறோம். யாரும் கேலி செய்வதில்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி: தம்பி 5 கிலோ குறைத்து, அதே 171.5 வாட் கொடுத்தால் எத்தனை விநாடியில் ஏறுவான்? விடை 57. போட்டுப் பாருங்கள்.