விபத்தும் தண்டனையும்

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பேருந்தில், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஏதேனும் ஒரு விபத்தைப் பற்றிய பேச்சு காதில் விழும். “ரெண்டே நாள்ல ஜாமீன்ல வந்துடுவான்” என்று முடியும். அந்தக் கோபம் நியாயமானதா? முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு அதிக அளவாக இரண்டு ஆண்டுச் சிறையே விதித்தது. வெறும் அபராதத்தோடு விடவும் இடம் தந்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதனை ஐந்து ஆண்டாக உயர்த்தியது. மோதிவிட்டுத் தகவல் கொடுக்காமல் ஓடுபவருக்குப் பத்து ஆண்டு என்ற உட்பிரிவு மட்டும், அவ்வாண்டு ஜனவரியில் நடந்த லாரி ஓட்டுநர் வேலைநிறுத்தத்திற்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டது. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் அடிக்கும் என்றார்கள் ஓட்டுநர்கள். அதை வெறும் சாக்கு என்று தள்ள எனக்கு மனமில்லை.

ஆனால் ஆண்டுக் கணக்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கர்நாடக வழக்கொன்றில் 1998-இல் உச்ச நீதிமன்றம், லாரி ‘அதிவேகமாக’ வந்தது என்று சாட்சி சொன்னால் மட்டும் போதாது, அது ஆளுக்கு ஆள் பொருள் மாறும் சொல் என்று கூறிற்று. ஓட்டுநரின் விடுதலை உறுதியாயிற்று. குற்றம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் இரண்டு ஆண்டென்ன, ஐந்து ஆண்டென்ன?

இவ்விடத்தில் நம் இயற்பியல் உதவும். காய்ந்த தார்ச்சாலையில் சக்கரம் சுழலாமல் சறுக்கும் காரின் வேகம், வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 7 மீட்டர் வீதம் குறையும். (லாரிக்கு இன்னும் குறைவு.) வேகத்தின் இருமடி, இந்த 7-ஐயும் சறுக்கிய தூரத்தையும் பெருக்கியதன் இரு மடங்கு. டயர்த் தடம் 20 மீட்டர் என்றால் பிரேக் பிடித்தபோது வேகம் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். 40 மீட்டர் என்றால் 85. தடத்தின் முடிவில் மோதியிருந்தால் வேகம் இதற்கும் மேல். சக்கரம் பூட்டிக்கொள்ளாத அமைப்புள்ள புதிய வண்டிகளில் தடம் தெளிவாக விழுவதில்லை. மற்றவற்றுக்கு ஓர் அளவு நாடா போதும், மழைக்கு முன் அளந்துவிட்டால்.

1979-இல் பஞ்சாப் லாரி ஓட்டுநர் ஒருவரின் இரண்டாண்டுத் தண்டனையைக் குறைக்க நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் மறுத்தார். ஆயினும் சிறையிலேயே அவருக்கு நல்ல முறையில் வண்டியோட்டப் பயிற்சி தரலாம், ஏழைக் குடும்பத்தவருக்கு அவ்வப்போது பரோல் தரலாம் என்றார். இறந்தவரின் குடும்பத்தை நம் சட்டம் கவனிப்பதில்லை என்று அவர் வருந்தியது அதே தீர்ப்பில்தான். அக்குடும்பம் இழப்பீட்டிற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திற்குத் தனியே போக வேண்டும். தவறு யாருடையது என்ற கேள்வி அங்கும் எழும்.