பொது விதியும் சிறப்பு விதியும்: மடிக்கணினியில் ஓர் இலக்கணப் பாடம்

வாழை என்பதனோடு காய் சேர்ந்தால் வாழைக்காய் ஆகும். மா என்பதனோடு காய் சேர்ந்தாலோ மாங்காய் ஆகும். உயிரீற்றின் முன் வல்லெழுத்து மிகும் என்பது பொது விதி. மரப்பெயர் சிலவற்றின் முன் இனமெல்லெழுத்துத் தோன்றும் என்பது சிறப்பு விதி. நன்னூல் கற்றார் யாவரும் இதனை அறிவர். பொது விதிக்கு அடங்கவில்லை என்று பவணந்தியார் மாங்காயை மொழியினின்றும் தள்ளிவிட்டாரல்லர். வழக்கைக் கண்டு அதற்கென ஒரு விதி வகுத்தார். இந்நெறியே இன்று நம் மாணாக்கர் கையிலுள்ள மடிக்கணினியின் உள்ளும் தொழிற்படுகின்றது என்பதை இங்கே காட்ட முயல்வோம்.

கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதற்கண் விழிப்பது, உற்பத்தியாளர் அதன் தாய்ப்பலகையில் எழுதிவைத்த நிலைபொருளாகும். பயோஸ் என்று கடைகளில் வழங்குவது இதுவே. பின்னர் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் பொறுப்பேற்கும். இயங்குதளத்துள் நின்று ஒவ்வோர் உறுப்பையும் ஆளும் நிரலுக்கு இயக்கி என்று பெயர். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே உறுப்புகளைச் சேர்த்தலும் நீக்கலும் உண்டு; பென்டிரைவைச் செருகிக் கழற்றுதல் யாவரும் கண்ட உதாரணம். அவ்வேளை, வந்த உறுப்பு வந்தது என்றும் போன உறுப்பு போயிற்று என்றும் இயக்கி உடனே அறிதல் வேண்டும். மின்வலுவை ஆளுதற்கும் இத்தகைய அறிவிப்புகளுக்குமாக இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996ஆம் ஆண்டில் ஏசிபிஐ என்னும் பொது விதியை வெளியிட்டன. ஆயினும் நிலைபொருள் எழுதுவோர் யாவரும் அதனை ஒரே வகையாகக் கையாண்டாரல்லர். மாங்காய்கள் பிறந்தது இவ்விடத்தேதான்.

ஒரு மெய்யான உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டில் அசுஸ் நிறுவனம் ‘ஈ பிசி’ என்னும் சிறு மடிக்கணினியை வெளியிட்டது. விலை குறைவு, எடை குறைவு; ஆதலால் உலகெங்கும் மாணவர் பலர் அதனை விரும்பி வாங்கினர். அதன் வைஃபையை நிறுத்துவதற்கு ஒரு விசை உண்டு. பொதுவாக அத்தகைய விசை வானொலி அலையை மட்டுமே அடக்கும். அட்டை தன் இடத்திலேயே இருக்கும். ஈ பிசியின் நிலைபொருளோ அட்டையையே கழற்றியதுபோல் இணைப்பினின்றும் நீக்கிவிடும். பெட்டியைத் திறவாமலே, உள்ளேயிருந்த அட்டை கணினியின் கணக்கினின்றும் மறைந்துபோகும். இடையே கழற்றக்கூடிய உறுப்பு என்று எண்ணப்படாத ஒன்று இவ்வாறு மறையவே, இல்லாத அட்டையோடு வைஃபை இயக்கி பேச முற்பட்டு இடர்ப்படும்.

2009ஆம் ஆண்டில் லினக்ஸை ஆக்குவோர் இதற்கு ஒரு பரிகாரம் வகுத்தனர். அறிவிப்பு வந்ததும் ஈ பிசிக்குரிய இயக்கி அட்டையின் இடத்தைத் தானே சென்று பார்க்கும். ஒவ்வோர் அட்டையிலும் அதனைச் செய்த நிறுவனத்தின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அட்டை இருந்தால் அவ்வெண் கிடைக்கும். இல்லையாயின் 32 இடங்களிலும் 1 என்றே விடை வரும். எண் கிடைத்தால் அட்டையைக் கணக்கிற் சேர்க்கும். வெறும் ஒன்றுகள் கிடைத்தால் நீக்கிவிடும்.

இதனினும் நுட்பமான ஓர் ஏற்பாடும் அங்கே உண்டு. செக்ரோலில் ஒருவர் பேர் விழுந்திருக்க, மலையில் அவர் இல்லையாயின், அறிவுள்ள கணக்கப்பிள்ளை உடனே பேரை வெட்டிவிடமாட்டார். முரண்பாட்டைக் குறித்துவைத்து விசாரிப்பார். அவ்வாறே, நிலைபொருள் ‘வைஃபை இயங்குகின்றது’ என்று கூறும்போது அட்டையைக் காணவில்லையாயின், அல்லது நிறுத்தப்பட்டது என்று கூறும்போது அட்டை அங்கேயே இருந்தால், இயக்கி ஒன்றையும் சேர்க்காது, ஒன்றையும் நீக்காது. முரண்பாட்டைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அமைதியாக இருக்கும்.

பிற்காலத்து ஈ பிசிகள் சிலவற்றுக்கு இப்பரிகாரமே பொருந்தவில்லை. ஆகவே 1005எச்ஏ, 1005பிஈ, 1201என் ஆகிய மாதிரிகளின் பெயர்களை இயக்கியினுள்ளே எழுதி, அவற்றில் மட்டும் அவ்வேற்பாட்டை நிறுத்திவைத்தனர். மாங்காய்க்கு உரிய விதியை வாழைக்காய்க்கு ஏற்றி ‘வாழைங்காய்’ என்று ஒருவரும் சொல்லார். சிறப்பு விதி எதற்கென வகுக்கப்பட்டதோ அதன் பெயரைச் சுட்டி, அதனளவில் நிற்றல் வேண்டும். ஒரு மாதிரியின் குறைக்காக எல்லாக் கணினிகளின் விதியையும் மாற்றினால், செவ்வையாக ஓடுவனவும் பழுதாகும்.

இவற்றால் மலையகத்தார்க்கு ஆவது யாது என வினவலாம். 2020ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட இடரை நாம் கண்டோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் புதிய கணினி தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு எட்டாப் பொருளாயிற்று. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் நம் பிள்ளைகள் பலர்க்குக் கிட்டுவது கைமாறி வந்த பழைய கணினியே. அதில் வைஃபை மறைந்தால் ‘அட்டை செத்துவிட்டது’ என்று முடிவு கட்டி ஒதுக்கிவிடுதல் எளிது. அம்முடிவுக்கு முன் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, விசையை அழுத்திய பின்னரோ உறக்கநிலையினின்றும் எழுந்த பின்னரோ மட்டும் குறை தோன்றுகின்றதா எனக் காண்க. கணினியை முற்றாக நிறுத்தி மீண்டும் இயக்கியதும் அட்டை தென்படுமாயின், அட்டை சாகவில்லை; குறை பெரும்பாலும் அறிவிப்பில் உள்ளது. இரண்டாவது, லினக்ஸில் ‘டிஎம்ஐடிகோட்’ என்னும் கட்டளையால் மாதிரியின் பெயரையும் பயோஸ் பதிப்பையும் அறிந்து குறித்துக்கொள்க. மூன்றாவது, அவற்றோடு பதிவேட்டுச் செய்தியையும் சேர்த்து இயக்கியைப் பேணுவோர்க்கு எழுதுக. அவர்கள் ஏற்று எழுதும் சிறப்பு விதி அடுத்த பதிப்பின் வழியே அம்மாதிரியை வைத்திருக்கும் அனைவர்க்கும் பயன்படும்.

பொறியியலிலும் கணினித் துறையிலும் சிறந்து விளங்கும் நம் பழைய மாணவர் பலராவர். விடுமுறையில் மலைக்கு வரும்போது, தோட்டப் பாடசாலை ஒன்றில் அரைநாள் அமர்ந்து, மூலையில் ஒதுக்கப்பட்ட கணினிகளை இம்முறையிற் சோதித்து, மாதிரிப் பெயர்களை மாணாக்கரைக் கொண்டே எழுதுவிப்பாராயின், இவ்விழா ஆண்டில் அதனினும் தக்க கொடை பிறிதொன்றில்லை என்பது நம் விண்ணப்பம்.