வெளிநாட்டுப் படிப்பும் வீட்டு மனைப் பத்திரமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொத்தேரி, வண்டலூர், கேளம்பாக்கம் சாலை என்று சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் உள்ள ஊர் கூடுவாஞ்சேரி. பி.இ. முடித்த பிள்ளை எம்.எஸ். படிக்க வெளிநாடு போகிறேன் என்றதும் இங்கே பல வீடுகளில் பீரோவிலிருந்து வெளியே வருவது மனைப் பத்திரம். தாம்பரம், எழும்பூர் என்று மின்சார ரயிலில் நின்றபடி போய்வந்து சம்பாதித்து வாங்கிய மனை. அதை வங்கியில் வைக்கும் முன், காதில் விழும் பேச்சுகளைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை 1: ஜெர்மனியில் படிப்பு இலவசம். டிக்கெட் காசு இருந்தால் போதும்.

உண்மை: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம் நாட்டைப் போன்ற நாடுகளின் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் கட்டணம் தொடங்கிவிட்டது. இதற்கும் மேல் 'பிளாக்டு அக்கவுன்ட்' உண்டு. 2024 செப்டம்பர் முதல், ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ, அதாவது சுமார் 12 லட்சம் ரூபாய், முன்கூட்டியே அதில் போட்டுக் காட்ட வேண்டும். அது நம் பணம்தான். மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். ஆனால் விசாவுக்கு முன்பே கையில் இருந்தாக வேண்டும்.

நம்பிக்கை 2: போய்ச் சேர்ந்துவிட்டால் பார்ட்-டைம் வேலையிலேயே ஃபீஸ் கட்டிவிடலாம்.

உண்மை: பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் தவறாமல் வேலை கிடைத்தாலும் மாதம் சுமார் 1,060 பவுண்டு வரும். லண்டனில் தங்கிப் படிக்க மாதம் 1,529 பவுண்டு காட்டச் சொல்லி 2025 நவம்பரில் அந்த அரசே விதி போட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே போதாத சம்பளத்தில் ஃபீஸ் எங்கிருந்து கட்டுவது? அமெரிக்காவில் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டும். மீறினால் விசாவுக்கே ஆபத்து.

நம்பிக்கை 3: கூடுவாஞ்சேரியில் மனை இருக்கிறது, எந்த வங்கியும் கடன் தரும்.

உண்மை: பொதுத்துறை வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து ஜாமீன் கேட்கும். தேர்ந்தெடுத்த சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றோடு டிடிசிபி அனுமதி எண்ணையும் தேடுவார். நெல்லிக்குப்பம் சாலையிலும் ஊரப்பாக்கத்திலும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனை என்றால் சிக்கல் அங்கேதான். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்காக அரசு 2017-ல் வரன்முறை விதிகள் கொண்டுவந்தது. உங்கள் மனையை அப்படி வரன்முறை செய்த ஆணை கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மதிப்பும் பக்கத்து மனை விலைபோன கணக்கில் வராது. வங்கி மதிப்பீட்டாளர் எழுதுவதே கணக்கு.

நம்பிக்கை 4: படித்து முடிக்கும்வரை வட்டி இல்லை.

உண்மை: தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 11 சதவீத வட்டியில் 30 லட்சத்தையும் முதல் நாளே எடுத்ததாக வையுங்கள். படிப்பு இரண்டு ஆண்டு, சலுகைக் காலம் ஓராண்டு: தனிவட்டியே 9.9 லட்சம். அதையும் அசலோடு சேர்த்துப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 41,000 சொச்சம்தான்.

நம்பிக்கை 5: ஸ்காலர்ஷிப் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு.

உண்மை: தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். பட்டியல் சாதியினரோடு சீர்மரபினருக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. 1892-ல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை சாதி பார்க்காமல் கடன் உதவித்தொகை வழங்குகிறது.

நம்பிக்கை 6: கன்சல்டன்சி இலவசமாகச் செய்கிறது, நம் நன்மைக்குத்தான் சொல்கிறது.

உண்மை: பல கன்சல்டன்சிகளுக்குக் கமிஷன் தருவது வெளிநாட்டுக் கல்லூரிதான். கமிஷன் தராத கல்லூரிகளை, குறிப்பாகக் கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகங்களை, நீங்களேதான் தேட வேண்டியிருக்கும்.

பெற்றோரே, பிள்ளையை உட்காரவைத்து ஃபீஸ், தங்கும் செலவு, காப்பீடு, விசா, வட்டி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். வேலை கிடைக்க ஓராண்டு தாமதமானாலும் வீட்டு வருமானத்தில் தவணை கட்ட முடியுமானால் தைரியமாக அனுப்புங்கள். முடியாதென்றால் ஓராண்டு தள்ளிப்போட்டு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பியுங்கள். வேறு பருவத்திலும் சீட் கிடைக்கும். ஏலத்தில் போன மனை திரும்பக் கிடைக்காது.